ஏறி இறங்கும் கட்டில்

ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது லிஃப்ட்காரருக்கு நன்றாகத் தெரியும். துடைக்க வேண்டியதைத் துடைத்து, எண்ணெய் போட வேண்டிய இடத்தில் எண்ணெய் போட்டு, சத்தமே இல்லாமல் ஓடவிட வேண்டும். தலை நரைக்கிற வரைக்கும் அவர் பார்த்த பிழைப்பு அதுதான். வருகிற அதிகாரி பெட்டிக்குள் ஏறி நின்று, உச்சி மாடி வரை போய்க் கீழே வந்து, "குலுங்கவே இல்லையேப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கையெழுத்து விழுந்துவிடும். குலுங்கினால் விழாது. அதனால், இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் படுக்கையைப் பார்க்க வரப்போகிறாள் என்று மனைவி சொன்னதும், கிடையாய்க் கிடந்த மனிதருக்கு முகம் தெளிந்துவிட்டது.

"மாப்ளைய வரச் சொல்லு. கப்பியெல்லாம் கழட்டி எண்ணெய் போடணும். கொஞ்ச நாளா கிறீச் கிறீச்னு கத்துது" என்றார்.

அந்தக் கப்பியின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். லிஃப்ட் பாதைக்குள் கட்டியிருந்த சாரம் சரிந்து விழுந்தவர் அவர். ஆஸ்பத்திரியில் உயிரை மட்டும் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்கள். மாருக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது, சூடு வைத்தாலும் தெரியாது. தோள் அசையும், முழங்கை மடங்கும், விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. வாய் மட்டும் பழைய வாய்தான். தலையும் மாரும் உயர்ந்திருந்தால்தான் சோறு இறங்கும், சளி வெளியே வரும். தலையணை அடுக்கி அடுக்கிப் பார்த்தார்கள், சரிந்துகொண்டே போனார். கடைசியில் படுத்தபடியே அவர் கணக்குச் சொல்ல, கேட் செய்யும் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கும் மைத்துனன், மனைவியின் தம்பி, செய்து முடித்ததுதான் அந்த ஏற்பாடு. வீட்டிலிருந்த மரக்கட்டிலின் தலைப்பக்கத்துப் பலகையை அறுத்து, கீல் வைத்து, அதிலிருந்து கம்பிக் கயிறு ஒன்றை உத்தரத்துக் கொக்கியில் மாட்டிய கப்பி வழியாகக் கொண்டுபோய், சுவரோரம் இரும்புத் துண்டுகளைத் தொங்கவிட்டார்கள். இந்தப் பக்கம் மனிதனின் மேல்பாதி, அந்தப் பக்கம் இரும்பு. இரண்டும் சரிக்குச் சரி. லிஃப்ட்டின் சூட்சுமமே அதுதான். ஒரு விரலால் தொட்டால் பலகை ஏறும், ஒரு விரலால் தொட்டால் இறங்கும்.

"என் தலையும் மாரும் சேந்து ஒரு கேட்டு கதவு எடைதான் மாப்ள. உள்ள ஒண்ணும் இல்ல போல" என்று அன்றைக்கு அவர் சொன்னதற்கு மைத்துனன் கண் கலங்கும்வரை சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை. விபத்து நடந்த நாளிலிருந்து அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இரண்டும் ஒரே சாவியில் பூட்டின அறைகள் போலிருக்கிறது.

அவளை உருளையக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். சலவை ஆலையில் உருளை இயந்திரத்தடியில் நிற்கிறவள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மலைமலையாக வரும் விரிப்புகளை, துவைத்துப் பிழிந்த ஈரத்தோடு, இரண்டு பெண்கள் இரண்டு மூலையைப் பிடித்து உதறிச் சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். கை ஒரு விரல்கடை உள்ளே போனால் கை இல்லை. மழைக் காலத்தில் அங்கே வெளியே நனைவதா உள்ளே வேகுவதா என்று கேட்கிற நிலைமை. ஆனால் அந்த வேலையில்தான் இன்சூரன்ஸ் இருந்தது. புருஷனுக்கு வேலை கொடுத்த ஒப்பந்தக்காரன், ஆள் விழுந்ததுமே தொலைபேசியை மாற்றிவிட்டான். இப்போது மருந்து, மாத்திரை, குழாய், பை எல்லாம் அவள் பேரில் இருக்கும் பாலிசியில் ஓடுகிறது. அவள் வேலையை விட்டால் பாலிசியும் போய்விடும்.

சிக்கல் இங்கேதான் இருந்தது. தம்பிக்காரனுக்குக் கடல் தாண்டி ஒரு கப்பல் பட்டறையில் வேலை கிடைத்திருந்தது. மழை விட்டதும் கிளம்ப வேண்டும். படுத்திருப்பவரைக் காலையிலும் மாலையிலும் தூக்கித் துடைத்துவிடுவதும், பக்கம் மாற்றித் திருப்புவதும் இதுவரை அவன் தோளில் நடந்தவை. தாழ்ந்த கட்டில். தனியாகத் திருப்ப வேண்டுமென்றால் அவள் தரையில் முட்டி போட்டு, விரிப்போடு சேர்த்து அவரை இழுக்க வேண்டும். மத்தியானம் ஆலையிலிருந்து ஓடிவந்து அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். ஏற்கெனவே இடுப்பு பிடித்துக்கொண்டு, உருளையடியில் குனிந்து நிமிரும்போது பல்லைக் கடிக்கிறாள். மருத்துவர் பார்த்துவிட்டு, மோட்டாரில் ஏறி இறங்கும் கட்டிலும் காற்று மெத்தையும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். கட்டிலே இடுப்பு உயரத்துக்கு ஏறிவரும். அவள் நின்றபடியே தனியாகத் திருப்பலாம். அது வந்தால் தம்பி போகலாம், அவள் வேலையிலும் இருக்கலாம்.

வருகிற அன்று காலையில் கப்பிக்கு எண்ணெய் போட்டாயிற்று. தம்பி இரும்புத் துண்டுகளுக்குக் கறுப்புச் சாயம்கூட அடித்துவிட்டான். அவள் தன் பங்குக்கு ஆலையில் கழிவென்று ஒதுக்கிய நல்ல விரிப்பொன்றைக் கேட்டு வாங்கி வந்து, உருளையில் ஓட்டிய மடிப்புக் கலையாமல் விரித்து, மூலைகளை உறை மடிப்பது போல மடித்துச் செருகினாள். அவருக்கு முகம் வழித்து, சட்டை மாட்டி, தலை வாரிவிட்டாள்.

கம்பெனிக்காரம்மா நல்ல மாதிரி. நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தானாகவே கேட்டாள். உள்ளே வந்ததும் மூக்கை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அவள் போகிற வீடுகளில் என்ன வாசம் அடிக்கும் என்பது அந்த ஓர் இழுப்பிலேயே தெரிந்தது. இங்கே சோப்பு வாசமும் சூடான துணி வாசமும்தான்.

"ஆஸ்பத்திரில கூட இவ்ளோ சுத்தமா பாத்ததில்லம்மா" என்றாள்.

"நம்ம தொழிலே துணிதானே மேடம்" என்றாள் உருளையக்கா.

"மேடம், இங்க வாங்க. இந்தப் பலகைக்கு அடியில விரலை வைங்க" என்றார் லிஃப்ட்காரர். "சும்மா வைங்க. ஒரே விரல். அமுக்க வேணாம், மேல தூக்குற மாதிரி."

அந்த அம்மாள் குனிந்து, தயங்கித் தயங்கி ஆட்காட்டி விரலை வைத்தாள். பலகை மனிதரையும் தூக்கிக்கொண்டு மெல்ல மேலே வந்தது. சுவரோரம் இரும்பு சத்தமில்லாமல் கீழே இறங்கியது. எழுந்து உட்கார்ந்த மனிதரின் முகம் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்று சிரித்தது.

"அட! எங்க கட்டில்கூட இவ்ளோ நைசாப் போகாதுங்க!"

"குலுங்குச்சா?"

"குலுங்கவே இல்ல!"

லிஃப்ட்காரர் மைத்துனனைப் பார்த்தார். கையெழுத்து விழுந்த மாதிரிதான் என்று அந்தப் பார்வை சொன்னது.

"படுக்கைப் புண் ஏதாவது இருக்காம்மா?"

"புண்ணா? என் கையிலயா?" உருளையக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பலகையை இறக்கிவிட்டுத் தம்பியைக் கண்ணால் கூப்பிட்டாள். ஆளுக்கொரு பக்கம் விரிப்பைப் பிடித்து, ஆலையில் விரிப்பு உதறுகிற அதே கணக்கில் ஒரு இழுப்பு இழுத்தார்கள், மனிதர் அலுங்காமல் நலுங்காமல் திரும்பிப் படுத்தார். சட்டையைத் தூக்கிக் காட்டினாள். முதுகு பச்சைப் பிள்ளையின் முதுகு போல இருந்தது. "பாருங்க. ஒரு சிவப்பு இருந்தா சொல்லுங்க."

"தம்பி கூடவே இருக்காரா?"

"இப்ப இருக்கான் மேடம். மழை விட்டதும் கிளம்பிடுவான்."

அந்த அம்மாள் எழுதிக்கொண்டாள். டீ குடித்தாள், ரெண்டு பிஸ்கட் தின்றாள். போகும்போது உருளையக்காவின் கையைப் பிடித்து, "உங்கள மாதிரி பாத்துக்குற வீட்ட நான் பாத்ததே இல்ல" என்று மனசாரச் சொல்லிவிட்டுப் போனாள். அன்று அந்த வீட்டில் மூன்று பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள்.

பதில் வந்தபோது உருளையக்கா ஆலையில் இருந்தாள். டீ இடைவேளையில் கைபேசியில் அந்தச் செய்தியைப் பார்த்தவள் திரும்பத் திரும்பப் படித்தாள். வீட்டில் போதிய மாற்று ஏற்பாடு இருப்பதாலும், பராமரிப்பு மிகச் சிறப்பாக இருப்பதாலும், மின்கட்டில் தற்போது அவசியமில்லை.

விரிப்பின் மறுமூலையைப் பிடிக்கிறவளுக்கு ஆலையில் வாயாடி என்று பெயர். எட்டிப் பார்த்து அவளும் படித்தாள்.

"அக்கா, சிறப்பாக-ன்னு போட்டிருக்கானே, அப்புறம் என்னக்கா?"

"சிறப்பா இருக்கறதால கிடையாதாம்."

"அதெப்படி?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

வாயாடிக்குப் புரிய ஒரு வாய் டீ ஆயிற்று. "ஏன்க்கா, அழுத பிள்ளைக்குத்தான பால்? நீங்க தலை வாரி, சட்டை போட்டு, பிஸ்கட் குடுத்து அனுப்பினீங்களாக்கும். சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டீங்களே."

"அவரு தொழில்ல ஓடினாத்தான் பாஸு."

"இவங்க தொழில்ல ஓடலைன்னாத்தான்க்கா பாஸு."

மணி அடித்தது. இருவரும் எழுந்துபோய் உருளைக்கு இருபுறமும் நின்றார்கள். அன்று வந்தவை ஆஸ்பத்திரி விரிப்புகள். வெளுத்த பிறகும் சிலதில் நடுவே வட்டமாக ஒரு தேநீர் நிறக் கறை நிற்கும். முதுகுப் புண்ணின் கறை அது. அப்படி ஒன்று வந்தால் உருளையக்கா அதைத் தனியே ஒதுக்கிப் போட்டுவிட்டு, "பாவம், கவனிக்க நாதியில்ல போல" என்று சொல்வது வழக்கம். அன்றைக்கும் ஒன்று வந்தது. ஒதுக்கிப் போட்டாள், எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் கம்பெனிக்குப் பேசினாள். வீட்டில், அவர் கேட்கும்படி, கைபேசியைக் கட்டில் மேல் வைத்துக்கொண்டு பேசினாள். அந்தப் பக்கம் ஓர் இளம் குரல், மரியாதையான குரல்.

"தம்பி போயிட்டா நான் ஒருத்திதான் சார். தனியாத் திருப்ப முடியாது."

"போனதுக்கப்புறம் எழுதிப் போடுங்கம்மா. நடக்கப்போறதுக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. நடந்ததுக்குத்தான்."

"அப்புறம் எழுதினா எவ்வளவு நாளாகும்?"

"அது வரிசைப்படி வரும்மா. சொல்ல முடியாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு அந்தக் குரல் தணிந்தது. "படுக்கைப் புண் இருக்காம்மா?"

"இல்ல."

"இல்லைன்னா கஷ்டம்தான். தோல் விட்ட புண்ணுன்னா உடனே பாப்பாங்க. அதுக்கு வரிசை கிடையாது. நான் சொன்னேன்னு வேணாம்."

பேச்சு முடிந்தது. தம்பி வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"நான் போகலக்கா" என்றான். "பட்டறையில இருக்கேன்னு சொல்லிடறேன்."

"வாய மூடு" என்றாள் அக்கா. "இன்னும் எத்தன காலம் எங்களுக்கு முட்டுக் குடுத்துக்கிட்டே இருப்ப? போற வழியப் பாரு."

"பின்ன நீ வேலைய விடப் போறியா?"

"விட்டா மருந்துக்கு எவன் குடுப்பான்?"

"அப்ப என்னதான்க்கா பண்றது?"

 கட்டிலிலிருந்து லிஃப்ட்காரர் சொன்னார்: "மாப்ள, நாளைக்குப் பட்டறை போறதுக்கு முன்னாடி இந்தக் கப்பியக் கழட்டிரு. இரும்பு, கயிறு எல்லாம். கொக்கி மட்டும் இருக்கட்டும், உத்தரம் பேந்துடும்."

"மாமா?"

"கழட்டுன்னா கழட்டு. அவங்க மறுபடி வரும்போது அது இருந்தா மறுபடி விரல வெச்சு விளையாடுவாங்க."

மைத்துனன் காலையில் கழற்றினான். தான் ஒட்டியதைத் தானே பிரிக்கிறவனுக்கு இருக்கிற கோபத்தோடு கழற்றினான். இரும்புத் துண்டுகளைக் கழுவும் தொட்டிக்கடியில் அடுக்கிவிட்டுப் போனான். பலகை சாய்ந்து படுத்துக்கொண்டது. லிஃப்ட்காரரும் அதோடு மல்லாந்து படுத்து, உத்தரத்தில் வெறும் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ஆலைக்கு விடுமுறை. உருளையக்கா உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, அவர் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்து ஊட்டினாள். பாதி உள்ளே போயிற்று, பாதி கழுத்தில் வழிந்தது. துடைத்தாள். பாத்திரம் கழுவினாள். திருப்பிப் படுக்கவைக்கிற நேரம் வந்தது. முட்டி போட்டு விரிப்பின் ஓரத்தைப் பிடித்தாள்.

"விடு" என்றார் அவர்.

"என்ன விடு?"

"இன்னிக்குத் திருப்ப வேணாம்."

அவர் என்ன சொல்கிறார் என்பது அவளுக்கு உடனே புரிந்தது. அந்த நினைப்பு முந்தைய நாள் கைபேசிக் குரல் தணிந்தபோதே அவளுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பேசறதப் பாரு. அதெல்லாம் வம்பை வெலைக்கு வாங்கறது. புண்ணு வந்தா லேசுல ஆறுமா? உள்ள எலும்பு வரைக்கும் போயிடும். ஆளே போனவங்க இருக்காங்க."

"எனக்கு அங்க என்ன தெரியுது? வலிக்கறவனுக்குத்தான வலி."

"எனக்குத் தெரியும்ல?"

"நீயும் பாக்காத. ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துக்க." அவர் தோளை அசைத்து, விரல் மடங்காத கையை அவள் பக்கம் தள்ளினார். "இத பாரு. மாப்ள போகாம இங்கயே இருந்தான்னு வை, என்னால தினம் அவன் மூஞ்சியப் பாக்க முடியாது. நீ இடுப்பு ஒடிஞ்சு விழுந்தா ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல கிடக்க வேண்டியதுதான். அப்ப யாரு யாரத் திருப்பறது? கணக்குப் போட்டுத்தான் சொல்றேன். அந்தப் பக்கம் ஏறணும்னா இந்தப் பக்கம் ஒண்ணு இறங்கணும்மா."

அவள் விரிப்பை விட்டாள். எழுந்துபோய் முக்காலியை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தாள். எதிர்வீட்டுக் கூரையிலிருந்து தகரக் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கை தானாக எழுந்தது. கைகளுக்குப் பழக்கம்தான் தெரியும், நியாயம் தெரியாது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். தனக்கு இப்போது அழுகை வர வேண்டும் என்று நினைத்தாள். வரவில்லை. மனசு உருளையில் ஓடி வந்த துணி போல ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது. வெளிச்சம் மங்கும்வரை அப்படியே இருந்தாள்.

மாலையில் தம்பி வந்தான். கட்டிலைப் பார்த்தான்.

"ஏன்க்கா, காலையில நான் படுக்க வெச்ச மாதிரியே இருக்காரு?"

"இப்பத்தான் திருப்பினேன்."

அவன் விரிப்பைப் பார்த்தான். காலையில் அவன் இழுத்துச் செருகிய மடிப்பு அப்படியே இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்காமல் போய், வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் அதற்குப் பிறகு அதைப் பற்றி மூவரும் பேசவில்லை.

முதலில் முதுகின் அடியில் ஒரு சிவப்பு வந்தது. விரலால் அழுத்தினால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். இது வெளுக்கவில்லை. அப்புறம் கறுத்தது. அப்புறம் தோல் விட்டது. ஒரு நாள் காலை விரிப்பை உருவியபோது அதன் நடுவே வட்டமாக அந்தத் தேநீர் நிறக் கறை இருந்தது. உருளையக்கா அதை ஆலைக்குக் கொண்டுபோகவில்லை. வீட்டிலேயே, தொட்டியில், இரும்புத் துண்டுகள் காலில் இடிக்க நின்று தேய்த்தாள். எந்தக் கறைக்கு எந்தப் பொடி என்று கைப்பாடமாகத் தெரிந்தவள் சும்மா தண்ணீரில் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

கம்பெனிக்கு எழுதினார்கள். இந்த முறை உடனே வந்தாள். அதே அம்மாள், அதே குடை. உள்ளே வந்ததும் மூக்கை இழுத்தவள், இழுத்த மூச்சை அப்படியே நிறுத்திக்கொண்டாள். கையுறை மாட்டிக்கொண்டு கட்டுத்துணியை விலக்கிப் பார்த்தாள். படம் எடுத்தாள். அளந்தாள். கட்டுத்துணியைத் திரும்ப ஒட்டும்போது அவள் கை மிருதுவாக இருந்தது. உருளையக்காவுக்கு அந்த மிருதுதான் தாங்கவில்லை.

"அன்னிக்கு எப்படி வெச்சிருந்தீங்க! என்னம்மா ஆச்சு?"

ஏச்சாக இருந்தால் பதில் சொல்லியிருப்பாள். இது நிஜமான அங்கலாய்ப்பு. உருளையக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கவனிக்கல மேடம்."

"அந்தக் கப்பி வெச்சிருந்தீங்களே? அது எங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"அறுந்துபோச்சு மேடம்."

தம்பிக்காரன் சடக்கென்று நிமிர்ந்து பார்த்தான். அவர் கை பட்ட கயிறு ஒன்றுகூட அறுந்தது கிடையாது. விழுந்த அன்றைக்கும் சரிந்தது சாரம்தான், கயிறு அல்ல. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியே, "கயிறு அறுந்துச்சுன்னு எவனாவது சொன்னானா?" என்பதுதான்.

"அறுந்துடுச்சா?"

"ஆமா மேடம். வேலை சரியில்ல. நம்மால அவ்வளவுதான் முடிஞ்சுது."

கம்பெனிக்காரம்மா அண்ணாந்து பார்த்தாள். உத்தரத்துக் கொக்கி எண்ணெய் மினுமினுப்போடு இருந்தது. பிறகு லிஃப்ட்காரரைப் பார்த்தாள். அவளுக்கு என்ன புரிந்தது, புரியவில்லை என்பதை அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. தலையைக் குனிந்து எழுதினாள். டீ வேண்டாம் என்றாள். போகும்போது உருளையக்காவின் கையைப் பிடிக்கவில்லை, "கட்டில் வந்துடும்மா" என்று மட்டும் சொன்னாள்.

சொன்னபடி வந்தது. இரண்டு பேர் பகுதி பகுதியாகத் தூக்கி வந்து பொருத்தினார்கள். மரக்கட்டிலைப் பிரித்துச் சுவரில் சாத்தினார்கள். காற்று மெத்தை ஒரு பக்கம் ஊதி ஒரு பக்கம் தணிந்து, தூங்குகிறவன் மூச்சு விடுவது போலச் சத்தம் போட்டது. லிஃப்ட்காரர் புறங்கையால் பொத்தானைத் தள்ளித் தள்ளி, மேலே போய்க் கீழே வந்து, மோட்டாரைக் காது கொடுத்துக் கேட்டார்.

"பரவால்ல" என்றார். "நல்ல மோட்டார்தான்."

பொருத்த வந்தவர்களில் மூத்தவர் கருவிகளைப் பையில் போட்டபடி, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: "காத்த ராத்திரில நிறுத்திடாதீங்க. பொத்தான்ல தண்ணி படாம பாத்துக்கங்க. புண்ணு ஆறினதும் கம்பெனிக்கு ஒரு போன் போடுங்க, நாங்களே வந்து எடுத்துட்டுப் போயிடுவோம்."

"எடுத்துட்டா?" என்றாள் உருளையக்கா.

"ஆமாம்மா. புண்ணுக்குத்தான குடுத்திருக்காங்க. நீங்க சொல்லலைன்னாலும் அவங்களே ஆள் விட்டுப் பாப்பாங்க. கவலைப்படாதீங்க, இந்த மெத்தையில சீக்கிரம் ஆறிடும்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். உருளையக்கா சரி என்று தலையாட்டினாள்.

மழை விட்டது. தம்பி கிளம்பினான். பெட்டியைத் தூக்கியவன், திரும்பி வந்து தொட்டிக்கடியில் குனிந்து, இரும்புத் துண்டுகளைத் துணியில் சுற்றி ஓரமாகத் தள்ளிவைத்தான். "கிடக்கட்டும்க்கா. தூக்கிப் போட்டுறாத" என்றான். மாமாவின் விரல் மடங்காத கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு நின்றான். "போய்ட்டு வா மாப்ள. அங்க சாரத்துல ஏறும்போது கீழ பாத்து ஏறு" என்றார் அவர்.

இப்போது உருளையக்கா ஒருத்திதான் எல்லாம் செய்கிறாள். கட்டிலை இடுப்பு வரை ஏற்றிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, ஒரு இழுப்பில் திருப்புகிறாள். முட்டி தேயவில்லை. இடுப்பு வலி பாதியாகக் குறைந்துவிட்டது. ஆலையில் வாயாடிகூட, "என்னக்கா, நடையே மாறிப்போச்சு" என்றாள். சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

ஒரு காலை, வேலைக்குப் போகும் முன் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். கட்டில் உயரத்தில் இருந்தது, புண் அவள் கைக்கு நேரே இருந்தது. ஜன்னல் வழியாக வெயில் அதன்மேல் விழுந்தது. சுற்றிலும் வெளிர் சிவப்பாகப் புதுத் தோல் ஏறி வந்திருந்தது. நல்ல தோல். விரல் நுனியில் மருந்தை எடுத்தவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எப்படி இருக்கு?" என்றார் அவர், சுவரைப் பார்த்துப் படுத்தபடி.

"ஓரமெல்லாம் மூடிட்டு வருது."

"ஓ."

மெத்தை ஒரு பக்கம் ஊதி, ஒரு பக்கம் தணிந்தது.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"ஒரு பொத்தான் அளவு."

 அவர், சோற்றை இன்னும் கொஞ்சம் குழைவாக வடி என்று சொல்வது போல, சாதாரணமாகச் சொன்னார்:

"மெதுவா ஆறட்டும். நமக்கென்ன அவசரம்."

 உருளையக்கா விரலில் இருந்த மருந்தைப் பழந்துணியில் துடைத்தாள். வெறும் கட்டுத்துணியை எடுத்து, நான்கு மூலையும் சரிபார்த்து, சுருக்கமில்லாமல் ஒட்டினாள். பிறகு பொத்தானை அழுத்தினாள். கட்டில் குலுங்காமல் கீழே இறங்கியது.